பதினான்கு பாடவேளையில் ஹாம்லெட்: புதிதாக நடத்தப் போகிறவர்களுக்கு

பள்ளியில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தை நடத்த வழி தேடி இணையத்தில் இறங்கினால் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டு வகுப்புக்கு எழுதியவை. பிள்ளைக்கு ஒரு புத்தகம், ஒரு மணி நேர வகுப்பு, நாடகத்துக்கென்றே தனி அறை. கோபி, பெருந்துறை, தாராபுரம் பக்கத்தில் நமக்கு இருப்பது நாற்பது நிமிடப் பாடவேளை, ஐம்பது பிள்ளைகள், மணி அடித்ததும் பிடித்தாக வேண்டிய டவுன் பஸ். யாரிடம் கையெழுத்து வாங்குவது, எவ்வளவு செலவாகும், எந்த மாதம் தொடங்குவது, எந்தக் காட்சியில் வகுப்பு கையை விட்டுப் போகும் என்றெல்லாம் எனக்குச் சொல்ல ஆளில்லை. ஒவ்வொன்றையும் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழிவாங்கும் கதை என்றால் நம் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை. அவர்களுக்குப் பிடிபடாதது, அப்பாவைக் கொன்ற சித்தப்பனைப் பழிவாங்க வேண்டிய ஹாம்லெட் ஏன் தள்ளிப்போடுகிறான் என்பதுதான். "கொன்னு போட்டு வந்தா முடிஞ்சுதுங்க மிஸ், எதுக்குங்க இத்தன பேச்சு?" என்று இரண்டாவது வாரத்துக்குள் யாராவது கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். கரும்பலகையின் ஓரத்தில் அந்தக் கேள்வியை எழுதிவைத்து, கடைசி நாள் வரை அழிக்காமல் விடுங்கள். கீழே இருக்கும் வரிசை முழுவதும் அதை நம்பித்தான் போட்டது.

1. வகுப்பையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

ஒன்பதாம் வகுப்பு அல்லது பதினொன்றாம் வகுப்பு. பத்தும் பன்னிரண்டும் வேண்டவே வேண்டாம். பொதுத்தேர்வு வகுப்பில் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு வரி நடத்தினாலும் பெற்றோர் கூட்டத்தில் அதுதான் முதல் பேச்சாக இருக்கும்.

வாரத்துக்கு இரண்டு பாடவேளை வீதம் ஏழு வாரம் வேண்டும். ஜூலை முதல் வாரம் தொடங்கினால் ஆகஸ்ட் கடைசிக்குள் முடியும். ஜூனில் சேர்க்கை ஓய்ந்திருக்காது, வருகைப் பதிவே நிலைக்காது. செப்டம்பர் பிறந்தால் காலாண்டுத் தேர்வு. அரையாண்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் ஜனவரியில் திருப்புதல் தேர்வு வந்து நிற்கும்.

நாள்காட்டியில் இன்னும் சிலவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆடிப் பதினெட்டன்று பவானி கூடுதுறைக்குப் போகும் குடும்பங்கள் அதிகம். அதற்கு முந்தின நாளும் மறுநாளும் முக்கியமான காட்சி எதையும் வைக்காதீர்கள். ஆவணி பிறந்ததும் முகூர்த்த நாட்களில் கால்வாசி வகுப்பு கல்யாண வீட்டில் இருக்கும். சுதந்திர தின ஒத்திகை வேறு ஒரு வாரத்தை விழுங்கும்.

மாலையில் ஒத்திகை வைப்பதை நினைக்கவே வேண்டாம். பஸ்ஸை விட்டுவிட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும், அதிலும் பெண்பிள்ளைகள் வீட்டிலிருந்து உடனே போன் வரும். எல்லாம் பாடவேளைக்குள்ளேயே முடிய வேண்டும்.

2. மூன்று தாள்கள்

முதலாவது, தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம். வகுப்பு, பிரிவு, எத்தனை பாடவேளை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பாடப்பகுதியும் தள்ளிப்போகாது என்ற உறுதி, செலவு எவ்வளவு, யார் கொடுப்பது. கீழே அரைப்பக்கம் கதைச் சுருக்கம். அதில் கொலை, பேய், சாவைப் பற்றிய பேச்சு எல்லாம் வருகிறது என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பூசி மெழுகினால் பின்னால் ஒரு புகார் வரும்போது "என்னிடம் சொல்லவே இல்லையே" என்று அவர் ஒதுங்கிக்கொள்ள வழி கிடைத்துவிடும். கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஒரு நகலை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிட்டால் நல்லது.

இரண்டாவது, பெற்றோர் ஒப்புதல் சீட்டு. தமிழில், ஐந்தாறு வரிக்குள். "நானூறு வருடப் பழைய ஆங்கில நாடகம், படிக்கவும் பேசவும் பயிற்சி, வீட்டுச் செலவு கிடையாது" என்று இருந்தால் போதும். "ஏனுங்க மிஸ், இது பரீட்சைக்கு வருமுங்களா?" என்று கேட்பார்கள். வராது என்பதை மறைக்காதீர்கள். ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படிக்கும் பயிற்சி என்றால் ஒத்துக்கொள்கிறார்கள். சீட்டு திரும்பி வர ஒரு வாரம் பிடிக்கும்.

மூன்றாவது உங்களுக்கானது. எந்தப் பாடவேளையில் எந்தக் காட்சி என்ற அட்டவணை. பாடக்குறிப்பேட்டில் அன்றன்றைக்கு ஏற்றிவிடுங்கள், ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால் காட்ட ஒன்று வேண்டும்.

3. பிரதியும் செலவும்

ஷேக்ஸ்பியரின் மூலத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. குட்டன்பர்க் தளத்திலும் ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தின் தளத்திலும் இலவசமாகவே எடுக்கலாம். கடையில் விற்கும் பதிப்பின் அடிக்குறிப்புகளை அப்படியே ஜெராக்ஸ் போடுவது வேறு கதை, அதைத் தவிருங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த நாடகத்துக்கு 1603, 1604–05, 1623 என மூன்று பழைய அச்சுகள் உண்டு. 1603 பதிப்பு மிகவும் சுருங்கியது, வரிகளே வேறு மாதிரி இருக்கும். தெரியாமல் அதை இறக்கிவிட்டால் வகுப்பு குழம்பும். கண்டுபிடிக்க எளிய வழி: அரசனின் ஆலோசகர் போலோனியஸின் பெயர் வர வேண்டிய இடத்தில் கோராம்பிஸ் என்று இருந்தால் அது 1603, மூடிவிடுங்கள். மற்ற இரண்டுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. அதனால் வரி எண் சொல்லி நடத்தாதீர்கள், உங்கள் பிரதியின் பக்க எண்ணைச் சொல்லுங்கள்.

முழு நாடகம் ஏறக்குறைய 4000 வரி. நமக்குத் தேவை அறுநூறு. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி, பக்கத்துக்கு 25 வரி வைத்தால் 24 பக்கம் வரும். வலது ஓரத்தில் பிள்ளைகள் தமிழில் குறித்துக்கொள்ள இடம் விடுங்கள். எங்கள் ஊரில் பக்கத்துக்கு ஒரு ரூபாய். இரண்டு பேருக்கு ஒரு பிரதி என்றால் ஐம்பது பேருக்கு 25 பிரதி, 600 ரூபாய். ஸ்பைரல் வேண்டாம், ஸ்டேப்ளர் போதும். இதோடு கறுப்புத் துண்டு ஒன்று 80, சார்ட் அட்டை நான்கு 60, கிரீடத்துக்குத் தங்கநிறத் தாள் 20. மொத்தம் 760 ரூபாய்.

பள்ளியிலிருந்து பணம் வாங்குவதாக இருந்தால் ஜெராக்ஸ் கடையில் பள்ளியின் பெயர், தேதி, கடை முத்திரை மூன்றும் உள்ள பில்லாகக் கேளுங்கள். துண்டுத்தாளில் கூட்டிப்போட்டுக் கொடுப்பதை அலுவலகம் ஏற்காது.

4. எந்தக் காட்சிகள்

மொத்தம் இருபது காட்சிகள். நான் எடுத்துக்கொள்வது பத்து, அவையும் வெட்டித்தான்.

அரசவையில் ஹாம்லெட் கறுப்பு உடையில் நிற்பது (1.2, அதாவது முதல் அங்கம், இரண்டாம் காட்சி), ஹாம்லெட் விரும்பும் ஒஃபீலியாவுக்கு அண்ணனும் அப்பாவும் மாறி மாறிப் புத்தி சொல்வது (1.3), செத்த அப்பாவின் ஆவி பேசுவது (1.5): காட்சிக்கு ஒரு பாடவேளை. நாடகத்துக்குள் நாடகம் (3.2) இரண்டு. வாழ்வா சாவா என்று ஹாம்லெட் தனியே பேசும் 'டு பி ஆர் நாட் டு பி' (3.1) ஒன்று. பிரார்த்தனை (3.3) இரண்டு. திரைக்குப் பின்னால் ஒஃபீலியாவின் அப்பா போலோனியஸ் சாவது (3.4), அவள் அண்ணன் லேயர்ட்டீஸும் அரசனும் சதி செய்வது (4.7), மண்டையோடு (5.1) ஒவ்வொன்று. கடைசிச் சண்டை (5.2) இரண்டு. பதின்மூன்று ஆயிற்று. மிச்சம் ஒன்று எழுதுவதற்கு.

3.1ஐ 3.2க்குப் பிறகு வைத்திருப்பது தட்டச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். கதை சூடு பிடித்த பிறகு அந்தத் தனிமொழியைக் கொடுத்தால் கேட்கிறார்கள். முன்னால் வைத்தால், ஏற்கெனவே எங்கேயோ கேள்விப்பட்ட வரி என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

விட்ட காட்சிகளை நீங்களே தமிழில் சொல்லிக் கடந்துவிடுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நார்வே இளவரசன் ஃபார்ட்டின்பிராஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவனுடைய அப்பாவை ஹாம்லெட்டின் அப்பா கொன்றார், நிலமும் போயிற்று. அந்தப் பையன் படையோடு வருகிறான். ஹாம்லெட், லேயர்ட்டீஸ், ஃபார்ட்டின்பிராஸ் என்று அப்பாவை இழந்த மூன்று பையன்கள், மூன்று விதம்: இதைச் சார்ட்டில் எழுதித் தொங்கவிட்டால் பாதி நாடகம் நடத்திய மாதிரி.

5. வகுப்பாசிரியரிடம் பேசாமல் தொடங்காதீர்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்பா இறந்து இரண்டு மாதத்தில் அம்மா சித்தப்பாவைக் கட்டிக்கொள்வதில்தான் கதை தொடங்குகிறது. அண்மையில் அப்பாவை இழந்த பிள்ளை, அம்மா மறுமணம் செய்துகொண்ட பிள்ளை, வீட்டில் தற்கொலை நடந்த பிள்ளை யாராவது வகுப்பில் இருக்கிறார்களா என்று வகுப்பாசிரியரைத் தனியே கேளுங்கள். இருந்தால் அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டியே கதையைச் சொல்லி, எந்தெந்த நாளில் நூலகத்துக்குப் போய்க்கொள்ளலாம் என்றும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். கேட்டுவிட்டால் அவர்களுக்கே ஒரு தெம்பு.

3.1 நடத்தும் நாளிலும் ஒஃபீலியா மூழ்கிய செய்தி வரும் நாளிலும் பாடம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். பத்து நிமிடம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான 1098, மனநல ஆலோசனைக்கான 14416, இரண்டு எண்களையும் பிரதியின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டுவிடுங்கள். யாராவது ஒருவர் நோட்டின் ஓரத்தில் எழுதியிருக்கும் வரி உங்களை நெருடினால் அன்றைக்கே பேச வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

இன்னொன்று. வீட்டில் வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை, கோர்ட்டில் கேஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. "உங்கள் குடும்பத்தில் இப்படிப் பகை இருக்கிறதா?" என்று உதாரணம் கேட்கவே கேட்காதீர்கள். எதிர்த்தரப்புப் பையன் இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருப்பான்.

6. பாத்திரம் கொடுப்பது

ஹாம்லெட்டை ஒரே பையனிடம் கொடுக்காதீர்கள். காட்சிக்கு ஒருவர், பெண்பிள்ளைகளும் வரட்டும். யார் தோளில் கறுப்புத் துண்டு இருக்கிறதோ அவர் ஹாம்லெட். துண்டைப் பார்த்ததும் "மாலை போட்டாச்சுங்களா சாமி" என்று ஒரு நாள் கேலி நடக்கும், அப்புறம் பழகிவிடும்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு ஹாம்லெட்டைக் கொடுப்பதுதான் வழக்கம். அரசனாகிவிட்ட சித்தப்பன் கிளாடியஸைக் கொடுங்கள். அவன் பேச்சு தடுக்கினால் நாடகமே படுத்துவிடும்.

ஒஃபீலியாவின் வரிகளை மூன்று நான்கு பேர் சேர்ந்து படிக்க விடுங்கள். ஒரே பெண் படித்தால் அவளை வருடம் முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார்கள், அதோடு ஹாம்லெட் படித்தவன் பெயரும் கழிப்பறைச் சுவரில் ஏறும். 1.3இல் அண்ணனும் அப்பாவும் அவளுக்குச் சொல்லும் புத்திமதியைப் பெண்பிள்ளைகள் பக்கம் யாரும் விளக்கச் சொல்லிக் கேட்பதில்லை. சிரித்துக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் நீங்கள் குறைவாகப் பேசுவது நல்லது.

வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள். காட்சியில் என்ன நடக்கிறது என்று முதலில் தமிழில் சொல்லிவிடுங்கள், பிறகு ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படிக்கட்டும். காட்சிக்கு ஆறேழு வரி மனதில் நின்றால் போதும். 3.2இல் மட்டும் ஒரு வேலை கூடுதல்: ஹாம்லெட் சித்தப்பனின் முகத்தைக் கவனிக்கச் சொல்லி நண்பன் ஹொரேஷியோவை வைப்பதுபோல, இரண்டு பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து கிளாடியஸ் வேடக்காரரின் முகத்தை மட்டும் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த உள்நாடகத்தில் வருவதுபோல் காதில் விஷம் ஊற்றினால் சாவார்களா என்று ஒருவன் கேட்பான். அறிவியல் ஆசிரியரிடம் அனுப்பிவிட்டு மேலே போங்கள்.

7. பிரார்த்தனைக் காட்சி

எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நேரம் வேண்டும்.

கிளாடியஸ் வேடக்காரர் மேசைக்கு முன்னால் மண்டி போடட்டும். அண்ணனைக் கொன்றதை அவன் தன் வாயால் ஒப்புக்கொள்வது இங்கேதான். கிரீடமும் அரசியும் கையில் இருக்கும்போது மன்னிப்பு மட்டும் எப்படிக் கிடைக்கும் என்று தனக்குள் மல்லுக்கட்டுகிறான். துண்டு போட்டவர் பின்னால் வந்து, முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை அவன் கழுத்துக்கு மேல் ஓங்கி நிற்க வேண்டும். அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். நான் நடத்தியபோது கடைசி பெஞ்சிலிருந்து "போடுறா, போடு" என்ற சத்தம் பக்கத்து வகுப்புக்கே கேட்டது.

ஸ்கேல் ஓங்கியபடியே இருக்க, ஹாம்லெட்டின் கணக்கைச் சொல்லுங்கள். அப்பா பாவமன்னிப்புக்கு வழியில்லாமல் தூக்கத்தில் செத்தார். இவனைப் பிரார்த்தனையில் கொன்றால் நேரே சொர்க்கத்துக்குப் போய்விடுவான். அதனால் பாவம் செய்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துக் கொல்லலாம் என்று ஸ்கேலை இறக்குகிறான். வகுப்பு ஊஊ என்று கத்தும். கத்தட்டும். ஹாம்லெட் வெளியே போனதும் கிளாடியஸ் எழுந்து, தன் சொற்கள் மட்டும்தான் மேலே போயின, மனம் கூடப் போகவில்லை என்கிறான். பிரார்த்தனையே நடக்கவில்லை. இது புரிந்ததும் வகுப்பில் ஒரு நொடி எல்லார் வாயும் அடைத்துவிடும். "அப்போ கொன்னிருக்கலாமுங்களா மிஸ்?" கரும்பலகை ஓரத்துக் கேள்விக்கு உயிர் வருவது இப்போதுதான்.

இதைத் தொட்டு அடுத்த பாடவேளையிலேயே 3.4 வந்தாக வேண்டும். பார்த்துப் பார்த்து யோசித்தவன், திரைக்குப் பின்னால் இருப்பது யாரென்றே பார்க்காமல் குத்துகிறான், செத்தது போலோனியஸ். நடுவே ஒரு வாரம் விடுமுறை விழுந்தால் இந்த அடி விழாது. அட்டவணை போடும்போதே இந்த இரண்டுக்கும் நடுவே விடுமுறை விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

4.7இல் உன் அப்பாவுக்காக என்ன செய்வாய் என்று கிளாடியஸ் கேட்க, கோயிலுக்குள்ளேயே ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கிறான் லேயர்ட்டீஸ். அவனைத்தான் ஆரம்பத்தில் பிள்ளைகள் ஹீரோ என்பார்கள். வாளில் விஷம் தடவுகிறேன் என்று அவனே முன்வரும் இடம் வரை விட்டுப்பிடியுங்கள்.

8. பொன்னர் சங்கர் கதையை எடுக்கலாமா

கட்டாயம் கை துறுதுறுக்கும். உடுக்கைப் பாட்டாக அண்ணன்மார் கதையைக் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டி இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். மாசித் திருவிழாவுக்கு வீரப்பூர் போய்வரும் குடும்பங்களும் உண்டு. நிதானமான அண்ணன் பொன்னர், முன்கோபக்காரத் தம்பி சங்கர் என்று சொன்னால் ஹாம்லெட்டும் லேயர்ட்டீஸும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுவார்கள்.

அந்த ஒரு நிமிடத்தோடு நிறுத்துங்கள். கதையில் எதிரிகள் யார், யாருடைய காடு, யார் பக்கம் நியாயம் என்று பேச்சு நீண்டால் வகுப்பு சாதி சாதியாகப் பிரிந்து உட்கார்ந்துவிடும். அதைச் சேர்த்துவைக்கப் பதினான்கு பாடவேளை போதாது.

9. மண்டையோடும் கத்திச் சண்டையும்

உயிரியல் ஆய்வகத்து மண்டையோட்டைக் கேட்டுப் போகாதீர்கள். பொறுப்பாளர் தர மாட்டார், தந்தாலும் உடைந்தால் உங்கள் தலையில் விடியும். உரித்த தேங்காய் ஒன்று போதும். பொள்ளாச்சிக்காரர்களுக்கு அதற்கும் செலவில்லை.

சண்டைக்குச் சிலம்பக் கம்பு கொண்டு வருகிறேன் என்று நாலு பேர் கை தூக்குவார்கள். வேண்டாம். சார்ட் அட்டையைச் சுருட்டி ஒட்டிய வாள் மட்டுமே, மூன்றடி இடைவெளியில் மெதுவாக, வரியைப் படித்துக்கொண்டே. விஷக் கோப்பைக்குச் சத்துணவு டம்ளர். எந்த வாளில் விஷம், எந்த டம்ளரில் விஷம் என்பதற்குச் சிவப்பு ரிப்பன் கட்டிவையுங்கள். வாள்கள் கைமாறும் இடத்தில் ரிப்பன் யார் கைக்குப் போயிற்று என்று பார்த்தாலே காட்சி புரிந்துவிடும். அரசி டம்ளரை எடுக்கும்போது வகுப்பே "வேண்டாம்" என்று கத்தும்.

10. படம் காட்டுவதென்றால்

ஹைடெக் லேபை ஒரு வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். லாரன்ஸ் ஒலிவியேவின் 1948 படம் கறுப்பு வெள்ளை, இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும், அதில் ஃபார்ட்டின்பிராஸே கிடையாது. கென்னத் பிரானாவின் 1996 படம் நான்கு மணி நேரம், பள்ளியில் போடக் கூடாத படுக்கையறைத் துணுக்குகளும் உண்டு. இரண்டில் எதுவானாலும் முழுப் படம் வேண்டாம். ஆவி வரும் காட்சியில் பத்து நிமிடம், அதுவும் பிள்ளைகள் தாங்களே படித்து முடித்த பிறகு.

11. எழுத வைப்பதும் மதிப்பெண்ணும்

ஒரே கேள்வி கொடுங்கள்: பிரார்த்தனைக் காட்சியில் ஹாம்லெட் கொன்றிருக்க வேண்டுமா, நாடகத்திலிருந்து இரண்டு இடங்களைக் காட்டி எழுது. வீட்டுக்குக் கொடுத்தால் ஐம்பது தாளும் ஒரே போன்ற ஆங்கிலத்தில் வரும், எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். வகுப்பிலேயே, நாற்பது நிமிடத்தில், பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதட்டும். முதல் பத்து நிமிடம் தமிழில் குறிப்பெடுக்க விட்டால், திக்கித் திணறும் பிள்ளையும் ஒரு பக்கம் எழுதிவிடும். 'ஆமாம்' என்றாலும் 'கூடாது' என்றாலும் மதிப்பெண் ஒன்றுதான், காட்டிய இடம் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். இலக்கணப் பிழைக்குக் கழிக்காதீர்கள், அதற்குத்தான் காலாண்டுத் தேர்வு இருக்கிறதே. தாள்களை அந்தத் தேர்வுக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, 25 பிரதிகளையும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். கடிதத்தின் நகல், ஒப்புதல் சீட்டுகள், பில் எல்லாம் ஒரே கோப்பில் அந்தக் கல்வியாண்டு முடியும் வரை இருக்கட்டும். அடுத்த வருடம் ஜெராக்ஸ் செலவு கிட்டத்தட்ட இல்லை. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் பெரும்பாலும் கிழிந்திருக்கும், அவற்றை மட்டும் புதிதாக எடுத்துச் சேர்த்தால் போதும்.